அஞ்சாவது புக்ல ஹாரி ஏன் இவ்வளவு கத்துறான்? (கோவம், இருட்டு, நம்ம புள்ளைங்க)

கொட்டகலை_வாசகி
வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒண்ணை எழுதுறேன். ஹாரி பாட்டர் வாசிச்ச நம்ம ஆளுங்ககிட்ட எந்த புக் பிடிக்கலனு கேட்டா முக்காவாசிப் பேர் அஞ்சாவதைத்தான் சொல்றாங்க. முதல் மூணும் எவ்வளவு அழகா இருந்துச்சு, பறக்குற விளக்குமாறு, சாக்லேட் தவளை, கிறிஸ்மஸ் சாப்பாடு, திடீர்னு இந்தப் பொடியன் ஏன் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறான், வயசுக்கோளாறு, வாசிக்கவே எரிச்சலா இருக்குனு. இதைக் கேக்குறப்போ எனக்குத் தாங்கல, ஏன்னா ஏழு புக்லயும் எனக்கு ரொம்ப உண்மையாப் பட்டது அந்த அஞ்சாவதுதான்.

நாலாவது முடியுறப்போ என்ன நடந்துச்சுனு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவனுக்கு 14 வயசு. சுடுகாட்டுல கண்ணு முன்னாடியே கூடப் படிச்ச செட்ரிக்கைக் கொன்னுட்டு, இவனைக் கல்லறையோட கட்டி வச்சு, கைய வெட்டி ரத்தம் எடுத்தாங்க. செட்ரிக்கோட உடம்பைப் பிடிச்சுக்கிட்டு திரும்பி வர்றான். அதுக்கப்புறம் நேரா சொந்தக்கார டர்ஸ்லி வீட்டுக்கு அனுப்பி விட்டுர்றாங்க. அஞ்சாவது திறக்குறப்போ அவன் ஜன்னலுக்குக் கீழ பூச்செடிக்குள்ள ஒளிஞ்சு படுத்து டீவி நியூஸ் கேட்டுக்கிட்டு இருக்கான். கெட்ட மந்திரவாதி வோல்டமோர்ட் யாரையாவது கொன்னானானு தெரிஞ்சுக்க அவனுக்கு வேற வழியே இல்ல. அவன் ஃபிரெண்ட்ஸ் ரானும் ஹெர்மாயினியும் எழுதுற கடிதத்துல ஒரு விஷயமும் இல்ல. பிறந்தநாளைக்கு அவங்க அனுப்பின சாக்லேட் பெட்டியப் பிரிக்காமலே தூக்கிப் போடுறான், அப்புறம் பசியில அதை நெனச்சு வருத்தப்படுறான். இதை எழுதின ரௌலிங் அம்மாவுக்கு பிள்ளைங்க மனசு எவ்வளவு தெரிஞ்சிருக்கு பாருங்க.

அப்புறம் அவங்க தங்கியிருக்கிற கிரிம்மால்ட் வீட்டுக்கு வந்து அவங்க ரெண்டு பேரையும் பாத்ததும் வெடிக்கிறான். இங்கிலீஷ் புக்ல அந்த வசனமெல்லாம் முழுசா பெரிய எழுத்துலயே அச்சாகியிருக்கு. அதைத்தான் எல்லாரும் ஓவர்னு சொல்றாங்க. நான் என்ன சொல்றேன்னா அந்தக் கோவம் வயசால மட்டும் வந்தது இல்ல. தனக்கு நடந்ததைப் பத்தி தனக்கே யாரும் ஒண்ணும் சொல்லாததால வந்தது. கடைசியில அவன் ஸ்கூல் ஹெட்மாஸ்டர் டம்பிள்டோர் ஆபீஸ்ல சாமானையெல்லாம் போட்டு உடைக்கிறப்போ அந்தக் கிழவர் தடுக்கவும் இல்ல ஏசவும் இல்ல, நான் உனக்கு முன்னமே சொல்லியிருக்கணும், தப்பு என்னோடதுனு ஒத்துக்கிறார். அப்ப எழுதினவங்களே அந்தப் பிள்ளை பக்கம்தானே நிக்கிறாங்க, வாசிக்கிற நாங்க மட்டும் ஏன் அவனை ஏசுறோம்?

உங்க அபிப்பிராயம் சொல்லுங்க. ஹாரி மட்டும்னு இல்ல, எந்த பேண்டசி சீரிஸா இருந்தாலும் பரவால்ல.

மஸ்கெலியா_மழை
அக்கா நீங்க சொல்ற காரணம் விளங்குது. ஆனா காரணம் சரியா இருந்தா மட்டும் புக் நல்லா இருக்கும்னு இல்லையே. இங்கிலாந்துல வந்த பதிப்பு 766 பக்கம். முதல் புக் 223 தான். கிட்டத்தட்ட மூணரை மடங்கு. அதுல ஹாக்வார்ட்ஸ் மந்திர ஸ்கூலுக்குப் போய்ச் சேர 10 அத்தியாயம் ஆகுது, அது வரைக்கும் வீடு கழுவுறாங்க, திரை தட்டுறாங்க, விசாரணைக்குப் போறாங்க, நடுநடுல இவன் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அவன் கோவம் நியாயம்னு எனக்கு முதல் தடவையே விளங்கிருச்சு, இருபதாவது தடவையும் அதையே ஏன் காட்டணும்?

இன்னொண்ணு, அவன் யார் மேல கத்துறான்? ஒண்ணும் சொல்லக்கூடாதுனு டம்பிள்டோர்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுத் தவிக்கிற ரெண்டு பிள்ளைங்க மேல. கத்த வேண்டிய டம்பிள்டோர் மேல அவன் கத்துறது கடைசியிலதான். ஹெர்மாயினி கண்ணீரோட நிக்கிறா, அதுக்கும் அவன் அடங்கல. எனக்கு வாசிக்கிறப்போ அவ மேலதான் பரிதாபம்.

படம் பாருங்க. சீரிஸ்லயே பெரிய புக் இதுதான், ஆனா 2007ல வந்த படம் 138 நிமிஷம், மொத்தம் எட்டுல கடைசிப் படத்துக்கு அடுத்ததா சின்னது இது. அவ்வளவையும் வெட்டியும் கதை நிக்குதுனா வெட்டினதுல பாதி தேவையில்லாததுதானே.

இருட்டா இருந்தாத்தான் சீரியஸ் கதைங்கிற நெனப்பு இப்ப எல்லா சீரிஸ்லயும் வந்துருச்சு. மூணாவது பாகம் வந்தா யாராவது சாகணும், ஹீரோ சிரிக்கக்கூடாது, எல்லாம் நீலமும் சாம்பலுமா இருக்கணும். எனக்கு அது சலிச்சுப்போச்சு.

பசறை_பொடியன்
நான் ஏஎல் (உயர்தரம்) படிக்கிறேன், வயசு 17, இங்க எழுதுற ஆக்கள்ல நான்தான் சின்னவன்னு நெனைக்கிறேன் 🙂 மழை அண்ணன் கோவிக்காதீங்க, நீங்க சொல்ற அந்த இருபதாவது தடவைதான் எனக்குப் பிடிச்சது, ஏன்னா கோவம் ஒரு தடவை வந்துட்டு போயிருற விஷயம் இல்ல, ஒவ்வொரு நாளும் எழும்புறப்போ அது முதல்ல எழும்பி உக்காந்திருக்கும், நம்மகிட்ட யாராவது நல்லாப் பேசினாலும் வாயில இருந்து வர்றது வேறயா இருக்கும், அது நமக்கே தெரியும் ஆனா நிப்பாட்ட ஏலாது.

எனக்கு அதுல ரொம்பக் கிட்டத்துல பட்டது அந்தப் பேனா. புதுசா வந்த டீச்சர் அம்ப்ரிட்ஜ் டிடென்ஷன்ல ஒரு பேனா குடுத்து நான் பொய் சொல்லக்கூடாதுனு எழுதச் சொல்றாளே, மை தரல, எழுத எழுத அந்த எழுத்து இவன் கைப் பின்பக்கத்துல வெட்டி வெட்டி ரத்தமா வருது, பேப்பர்லயும் அதே ரத்தம். முதல்ல தோல் மூடிக்குது, திரும்பத் திரும்ப எழுதவும் அப்பிடியே நின்னுருது. அவன் சத்தமே போடல, மணி பாக்கக்கூட இல்ல, அவளுக்கு முன்னாடி வலிக்குதுனு காட்டக்கூடாதுங்கிறது மட்டும்தான் அவனுக்கு. ரான் கண்டுபிடிச்சு யார்கிட்டயாவது போய் சொல்லுன்னாலும் சொல்ல மாட்டேங்கிறான்.

ஃபிரெண்ட்ஸ் மேல கத்துறான், ஆனா உண்மையா வலி குடுக்குறவ முன்னால, அந்த டிடென்ஷன்ல, கத்தவே மாட்டான். எங்க வகுப்புல இப்பிடி எத்தனை பேர் இருக்கோம்னு பெரியவங்களுக்குத் தெரியாது. வீட்டுல கடன் எவ்வளவு, அப்பாவுக்கு என்ன வருத்தம், எதைக் கேட்டாலும் நீ படிக்கிற வேலையப் பாரு. ஆனா லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) சுவர் எவ்வளவு தடிப்புனு எல்லாருக்கும் தெரியும்தானே, பக்கத்துக் காம்பராவுல கதைக்கிறதே கேக்கும், சொந்த வீட்டுல கதைக்கிறது கேக்காதா. முழுசாக் கேக்காம பாதி கேக்குறதுதான் ரொம்பக் கஷ்டம், ஜன்னலுக்குக் கீழ படுத்து நியூஸ் கேக்குற அந்த முதல் அத்தியாயம் எனக்கு அதுதான்.

லிந்துல_மிஸ்
பொடியன் எழுதினதை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத வரல. தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க.

நான் படிப்பிக்கிறது ஒரு தோட்டத்து ஸ்கூல்ல. ஒன்பதாம் வகுப்புல ஒரு பிள்ளை இருந்தான். அம்மா வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போயிருந்தாங்க, இவன் அம்மாச்சியோட. இந்தத் தீபாவளிக்கு அம்மா வந்துருவாங்கனு வீட்டுல சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க. அவங்க அங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்துப் போட்டுட்டாங்கனு லயத்துல எல்லாருக்கும் தெரியும், இவனுக்கு மட்டும் தெரியாது. ஒரு நாள் பீலிக்கரையில தண்ணி பிடிக்கிறப்போ யாரோ பேச்சுவாக்குல சொல்லிட்டாங்க. அடுத்த நாள் வகுப்புல பக்கத்துல இருந்தவன் பென்சில எடுத்தான்னு அடிச்சு மூக்குல ரத்தம் வர வச்சுட்டான். ஸ்டாப் ரூம்ல எல்லாரும் சொன்னது, இந்த வயசே இப்பிடித்தான்.

அந்த வகுப்புக்கு ஓய்வு பாடவேளை வர்றப்பெல்லாம் நான் ஹாரி கதைய தமிழ்ல வாயாலயே சொல்லிக்கிட்டு வந்தேன், ஒவ்வொரு அத்தியாயமா. அஞ்சாவதுக்கு வந்தப்போ அந்தப் பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். டம்பிள்டோர் ஏன் மிஸ் அவன் மூஞ்சியப் பாக்கல? வருஷம் முழுக்க அவர் ஹாரியோட கண்ணையே பாக்காம ஒதுங்கிப் போறாருல்ல, விசாரணைக்கு வந்து காப்பாத்திட்டு ஒரு வார்த்தை பேசாமப் போயிருவாரே, அதைக் கேக்குறான். மத்தப் பிள்ளைங்க எல்லாம் சண்டை எப்ப மிஸ், மந்திரம் எப்ப மிஸ்னு கேட்டாங்க.

அவருக்கு ஒரு காரணம் இருக்கு, தான் கிட்டப் போனா வோல்டமோர்ட் ஹாரி மனசுக்குள்ள புகுந்து தன்னை வேவு பாப்பான்னு பயந்தாரு. காரணம் நல்ல காரணம்தான். அந்தக் காரணத்தைப் பிள்ளைகிட்ட சொல்லாததாலதான் ஹாரியோட ஞானத்தந்தை சிரியஸ் செத்தது. பிள்ளையக் காப்பாத்துறேன்னு பெரியவங்க பண்ற அமைதி எவ்வளவு சேதம் பண்ணும்னு இதை விடத் தெளிவா நான் எந்த உளவியல் பாடத்துலயும் படிக்கல.

மழை, நீளம்னு சொன்னீங்கதானே, சின்னப் பிள்ளைக்கு ஒரு வருஷம் காத்திருக்கிறது எவ்வளவு நீளம்னு அந்த 766 பக்கத்துலதான் உணர முடியும். படத்துல அது போயிருச்சு, அதனாலதான் படம் பாத்தவங்களுக்கு அவன் கோவம் காரணமில்லாத மாதிரித் தெரியுது.

மஸ்கெலியா_மழை
மிஸ், அந்தப் பிள்ளையோட கேள்வி மனசுல நிக்கும். அம்ப்ரிட்ஜ் விஷயத்துலயும் பொடியன் சொல்றதை ஏத்துக்கிறேன், வோல்டமோர்ட்டை விட அவளைத்தான் எல்லாரும் வெறுக்குறாங்க, ஏன்னா அந்த மாதிரி ஆள் நெசத்துல இருக்காங்க. ஆனா ஹாரிக்குப் பிடிச்ச பொண்ணு சோ சாங்கோட டீக்கடைக்குப் போய் அவ அழுற காட்சியெல்லாம் எதுக்குனு யாராவது சொல்லுங்க.

கொட்டகலை_வாசகி
@மஸ்கெலியா_மழை அதுதான் தேவை! செத்த செட்ரிக் சோவோட காதலன். ஹாரி அவன் சாகிறதைப் பாத்தவன். ரெண்டு பேருக்கும் ஒரே சாவு, ரெண்டு விதமா துக்கம். அவ அதைப் பத்திப் பேசணும்னு வர்றா, இவன் அதைப் பத்தி பேசவே கூடாதுனு இருக்கான். ரெண்டு பேர்லயும் தப்பில்ல, ஆனா ஒட்டல. 15 வயசுக் காதல் இப்பிடித்தான் உடையும். அப்புறம் ஹெர்மாயினி சோவுக்குள்ள எத்தனை உணர்ச்சி ஒண்ணா அடிச்சுக்கிட்டு இருக்குனு பையன்களுக்கு விளக்குற இடம், அதை ஒவ்வொரு அண்ணன் தம்பியும் வாசிக்கணும்.

ஹப்புத்தள_அண்ணன்
நல்ல இழை. நான் வேற ஒரு சீரிஸ் பத்திச் சொல்றேன், ஏன்னா இருட்டும் இளவயசும் ஹாரியோட ஆரம்பிக்கல. உர்சுலா லெ குவின் எழுதின எர்த்சீ, முதல் புக் 1968ல வந்துச்சு. ஹாரி முதல் புக் 1997, பாத்துக்கோங்க.

கெட்னு ஒரு மலைத்தீவுப் பையன், ஆடு மேச்ச பையன், மந்திரம் படிக்க பெரிய இடத்துக்குப் போறான். அங்க ஜாஸ்பர்னு ஒருத்தன், நல்ல உடுப்பு, நல்ல பேச்சு, இவனை மேல இருந்து கீழ பாக்குறான். நம்ம பிள்ளைங்க தோட்டத்து ஸ்கூல்ல இருந்து டவுன் ஸ்கூலுக்கு ஏஎல் படிக்கப் போறப்போ முதல் நாள் எப்பிடி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பார்வைய விளக்கத் தேவையில்ல. அந்த ரோஷத்துல, நான் உன்னை விடப் பெரியவன்னு காட்டுறதுக்காக, செத்துப்போன ஒருத்தியோட ஆவிய எழுப்புறான். எழும்புறது அவ மட்டும் இல்ல, கூடவே ஒரு நிழல் இந்தப் பக்கம் வந்துருது, அவன் மூஞ்சியக் கிழிச்சிருது. அதை அடைக்கிறதுக்காகத் தன் பலத்தையெல்லாம் செலவழிச்சு அந்த ஸ்கூலோட பெரிய குரு சாகிறார். ஒரு பையனோட ரோஷத்துக்கு விலை ஒரு உயிர்.

இதுல கத்தல் கிடையாது. அவன் பேச்சே நின்னு போயிருது, ரொம்ப நாளைக்கு. படுக்கையில கிடக்கான், எழும்பினதுக்கு அப்புறமும் யாரோடயும் சேராம ஒதுங்கி இருக்கான். கோவப்படுற பிள்ளைய எல்லாருக்கும் தெரியும், பேசாமப் போயிட்ட பிள்ளைய யாருக்கும் தெரியாது. அந்தப் பேசாத பிள்ளைய எழுதினது எர்த்சீதான். அப்புறம் அவன் நிழலுக்குப் பயந்து தீவு தீவா ஓடுறான், ஓஜியன்னு அவனோட முதல் குருதான் ஓடாத, திரும்பு, நீ அதைத் துரத்துனு சொல்றார். கடைசியில நிழலைப் பிடிச்சு என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறான்னு சொல்ல மாட்டேன், வாசிக்காதவங்க வாசிக்கணும்.

இன்னும் ஒண்ணு. மூணாவது புக் 1972ல முடிஞ்சிருச்சு. நாலாவது 1990ல. அந்த நாலாவதுல ஒரு சின்னப் பிள்ளை வருது, சொந்த ஆக்களே அடிச்சு நெருப்புல போட்டு ஒரு பக்க மூஞ்சி எரிஞ்ச பிள்ளை. அதுக்கு மந்திரத்தால மூஞ்சி சரியாகாது, ஒருத்தி அந்தப் பிள்ளைய வளக்குறா, சமைக்கிறா, தலை வாருறா, அதுதான் கதை. மழை சொல்ற சாம்பல் கலர் இருட்டு இது இல்ல. சும்மா யாரையாவது சாகடிச்சு சீரியஸ் ஆக்குறது சாயம் இறங்கி ருசி இல்லாத தேத்தண்ணி மாதிரி, பாக்கக் கறுப்பா இருக்கும், அவ்வளவுதான். காயம் பட்ட பிள்ளைய அதுக்கப்புறம் யார் பாத்துக்கிறாங்கனு எழுதுறவங்க கொஞ்சப் பேர்தான்.

நோர்வூட்_அம்மா
எல்லாருக்கும் வணக்கம், நான் இந்தப் பக்கம் வாசிக்கிறதோட சரி, எழுதினது இல்ல. ஒரு கேள்வி இருக்கு அதான்.

மகளுக்கு 11 வயசு. ஸ்காலர்ஷிப் சோதினை முடிஞ்சதுக்கு பரிசா அவ மாமா முதல் புக் வாங்கிக் குடுத்தார், தமிழ்ல வந்தது. இப்ப மூணு முடிச்சிட்டா. நாலாவது வேணும்னு ஒரே பிடிவாதம். இந்த வருஷம் ஆரம்பத்துல எங்க மாமியார் இறந்துட்டாங்க, அவளை வளத்ததே அவங்கதான், நான் காலையில மலைக்கு வேலைக்குப் போனா பின்னேரம்தான் வருவேன். அப்பாயி இறந்ததுல இருந்து அவ சரியாக் கதைக்கிறது இல்ல, ராவுல எழும்பி உக்காந்திருப்பா. இப்ப இவங்க சொல்றதை எல்லாம் வாசிச்சா நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் சாவுதான் நிறைய. குடுக்கலாமா, இன்னும் ரெண்டு வருஷம் வச்சுக் குடுக்கலாமா? பாவம் பிள்ளை, மறுபடி அழ வைக்கவும் மனசில்ல.

மஸ்கெலியா_மழை
அக்கா என்னைக் கேட்டா கொஞ்சம் பொறுங்க. மூணாவது வரைக்கும் பிள்ளைங்க கதை, நாலாவதோட கடைசி அப்பிடி இல்ல. துக்கத்துல இருக்கிற பிள்ளைக்கு இப்ப சிரிக்கிற கதை வேணும்.

கூத்துக்கார_மாமா
தாயே நான் கொஞ்சம் வயசானவன், இங்கிலீஷ் கதையெல்லாம் மகன் சொல்லித்தான் தெரியும், ஆனா உங்க கேள்விக்கு எனக்கு ஒரு பதில் இருக்கு.

நான் தோட்டத்துல காமன் கூத்துல ரதி வேஷம் கட்டினவன். மாசி மாசம் காமன் ஊணினதுல இருந்து ஒவ்வொரு ராத்திரியும் தப்பு அடிச்சு ஆட்டம் நடக்கும், கல்யாணம் நடக்கும், சிரிப்பு கேலி எல்லாம் இருக்கும். கடைசி ராவு சிவன் நெத்திக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிச்சிருவார். அதுக்கப்புறம் ரதி புலம்பணும். அந்தப் புலம்பல் சும்மா ஒரு பாட்டு ரெண்டு பாட்டு இல்ல, விடியுற வரைக்கும் போகும். நான் மாராப்பைப் போட்டு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு சிவனையே ஏசுவேன், உனக்குக் கண்ணு இருந்தும் இப்பிடிப் பண்ணிட்டியேன்னு. முன்வரிசையில சாக்கு விரிச்சு உக்காந்திருக்கிறது யாரு? சின்னப் பிள்ளைங்க. அஞ்சு வயசு, எட்டு வயசு, கம்பளியப் போத்திக்கிட்டு கண்ணு கொட்டாமப் பாக்கும். வீட்டுக்குப் போ, இதெல்லாம் நீ பாக்கக்கூடாதுனு யாரும் அந்தப் பிள்ளைங்களை எழுப்பி விட்டது இல்ல. பொன்னர் சங்கர் போட்டாலும் அதேதான், ரெண்டு பேரும் சாகிறதையும் தங்கச்சி தேடி வர்றதையும் பிள்ளைங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்.

நான் கவனிச்ச ஒண்ணு, அந்த வருஷம் வீட்டுல சாவு விழுந்த பொம்பளைங்க ரதி புலம்பலுக்குத்தான் வந்து கிட்ட உக்காருவாங்க. வந்து அழுவாங்க. அவங்க வீட்டுல அழ முடியாததை இங்க ரதியோட சேந்து அழுதுட்டுப் போவாங்க. பிள்ளைங்களும் அப்பிடித்தான், பக்கத்துல அம்மா இருக்கணும், சுத்தி சனம் இருக்கணும், அவ்வளவுதான். தனியா வச்சு இருட்டைக் காட்டினா பயம், எல்லாரோடயும் சேந்து பாத்தா அது கூத்து. ரதி சாமிய ஏசினதுக்கு யாரும் அவளுக்கு வயசுக்கோளாறுனு சொன்னது இல்ல, அந்த ஹாரிப் பொடியனை மட்டும் ஏன் சொல்றீங்கனு எனக்கு விளங்கல.

பசறை_பொடியன்
மாமா 🙏🙏 இதைப் படிச்சிட்டு எங்க தாத்தாகிட்ட காட்டினேன், அவர் அந்த எரிக்கிற இடத்தைப் பாடியே காட்டிட்டாரு

கொட்டகலை_வாசகி
மாமா எழுதினதுல இருந்து எனக்கு ஒண்ணு தெளிவாச்சு, நான் முதல்ல சொன்னதோட அதைச் சேத்துச் சொல்றேன். அஞ்சாவது புக்ல இருட்டு அதிகம் இல்ல, தனிமைதான் அதிகம். சாவுனு எண்ணினா ஏழாவதுலதான் நிறைய சாவு, ஆனா ஏழாவது வாசிக்கிறப்போ அஞ்சாவது அளவுக்கு மூச்சு முட்டாது, ஏன்னா அதுல என்ன நடக்குதுனு அவனுக்கு முன்னை விடத் தெரியும், ரெண்டு பேர் பக்கத்துல இருக்காங்க.

அந்த தெஸ்ட்ரல் குதிரைங்களை எடுத்துக்கோங்க. ஸ்கூல் வண்டிய இழுக்குறது அதுங்கதான், முன்னமும் இழுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா சாவைப் பாத்தவங்க கண்ணுக்குத்தான் தெரியும். ஹாரி முதல் தடவை பாத்துட்டு ரான்கிட்ட இது என்னன்னு கேக்குறான், ரானுக்கு ஒண்ணும் தெரியல. தனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோனு பயப்படுறப்போ கூட வர்ற லூனாங்கிற பிள்ளை சொல்றா, எனக்கும் தெரியுது, உனக்கு ஒண்ணும் இல்லனு. லூனா ஒன்பது வயசுல அம்மா சாகிறதைப் பாத்தவ. கடைசியில சிரியஸ் செத்ததுக்கு அப்புறம் அவனோட மனசுல கொஞ்சமாவது பாரம் குறைய வைக்கிறது டம்பிள்டோரோட பெரிய விளக்கம் இல்ல, இந்தப் பிள்ளைதான், தொலைஞ்ச உடுப்பையும் புக்கையும் தேடி நோட்டீஸ் ஒட்டிக்கிட்டு நிக்கிறவ. அவ பரிதாபப்படல, அறிவுரை சொல்லல, அவளோட அம்மாவைப் பத்தி சாதாரணமாக் கதைக்கிறா.

மழை கேட்டதுக்கும் இதுதான் பதில். நல்ல இருட்டு எது, சும்மா பூசின இருட்டு எதுனு பாக்க நான் ஒரு கேள்விதான் கேப்பேன்: செத்த ஆளை அடுத்த புக்ல யாராவது நெனைக்கிறாங்களா? செட்ரிக் பேர் அஞ்சாவது முழுக்க வருது. ஹங்கர் கேம்ஸ் மூணாவது புக்ல தங்கச்சி பிரிம் செத்ததுக்கு அப்புறம் கதாநாயகி காட்னிஸ் முழுசாத் தேறவே இல்ல, கடைசிப் பக்கம் வரைக்கும் கெட்ட கனவு வருது, அதனால அது எனக்கு நெசம். யாரோ சாகுறாங்க, ரெண்டாவது எபிசோட்ல எல்லாரும் மறந்து சிரிக்கிறாங்கனா அந்த சீரிஸை நானும் மூடி வச்சிருவேன்.

ஹப்புத்தள_அண்ணன்
கண்ணாடிய விட்டுட்டீங்க தங்கச்சி. சிரியஸ் கிறிஸ்மஸ் முடிஞ்சு போறப்போ ஒரு பொட்டலம் குடுக்கிறார், ஏதாவதுனா இதைப் பாவிச்சுக்கோனு. ஹாரி பிரிக்கவே மாட்டான், சிரியஸை ஆபத்துல மாட்டி விட்டுருவோம்னு பயந்து. எல்லாம் முடிஞ்சு பெட்டி அடுக்குறப்போதான் அது கையில கிடைக்குது. அவரோட பேசுற கண்ணாடி. ஒரு தடவை பிரிச்சிருந்தா அவர் செத்திருக்க மாட்டார். அந்தப் பக்கத்தை நான் வாசிச்சிட்டு புக்க மூடி வச்சிட்டேன், அன்னிக்கு மேல வாசிக்கல.

மஸ்கெலியா_மழை
அந்தச் செத்த ஆளை நெனைக்கிறாங்களாங்கிற கேள்விய எடுத்துக்கிறேன் அக்கா, அது நல்ல அளவுகோல். ஆனாலும் நீளம் நீளம்தான், அதுல நான் மாற மாட்டேன். ரானோட அம்மா, அந்த வீஸ்லி அம்மா, ஒரு பூதத்துக்கு முன்னால நின்னு அழுற இடம், அது ஒவ்வொரு பிள்ளையோட பொணமா மாறி மாறிக் காட்டுமே, அது ரெண்டு பக்கம் வருமா? அந்த ரெண்டு பக்கத்துல இருக்கிற பயம் மத்த அம்பது பக்கத்துல இல்ல. சுருக்கமா எழுதத் தெரிஞ்சவங்கதான் அவங்க, அதனாலதான் கேக்குறேன்.

லிந்துல_மிஸ்
மழை அந்தக் காட்சிய நெனைவு படுத்தினதுக்கு நன்றி, பெரியவங்களுக்கும் பயம் இருக்குனு ஹாரிக்கு நல்லா விளங்குறது அங்கதான்.

நோர்வூட் அக்கா, உங்களுக்கு வர்றேன். குடுங்க, ஆனா கையில குடுத்துட்டு மலைக்குப் போயிராதீங்க. நாலாவது பெரிய புக், மொத்தம் 37 அத்தியாயம். 31 வரைக்கும் அவ தனியா வாசிக்கட்டும், போட்டி, டிராகன், நடன விருந்துனு பெரும்பாலும் சந்தோஷமாத்தான் போகும். 32க்கு வர்றப்போ சொல்லச் சொல்லுங்க. அங்கதான் செட்ரிக் சாவான், ஒரே வரியில சட்டுனு நடந்துரும். 32, 33, 34 மூணையும் ராவைக்கு வேண்டாம், ஞாயித்துக்கிழமை பகல்ல ரெண்டு பேரும் சேந்து வாசிங்க. 34ல நிறுத்தாதீங்க, பிள்ளை சுடுகாட்டோட தூங்கப் போயிரும். 36 வரைக்கும் அன்னிக்கே வாசிச்சிருங்க. அதுல ஹாரி ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருப்பான், வீஸ்லி அம்மா வந்து அவனைக் கட்டிப் பிடிப்பாங்க, ஒரு அம்மா பிடிக்கிற மாதிரி தன்னை யாரும் பிடிச்சதா அவனுக்கு நெனைவே இல்ல. அந்த இடத்துல அவ அழுதா அழட்டும் அக்கா. அதுக்கு நீங்க பக்கத்துல இருந்தாப் போதும், ஒண்ணும் சொல்லத் தேவையில்ல.

அப்பாயி எப்பிடி இறந்தாங்க, கடைசி நாள் என்ன நடந்துச்சுனு அவகிட்ட யாராவது முழுசா சொன்னீங்களா? கேக்குறதுக்கு மன்னிக்கணும். நிறைய வீட்டுல சொல்றது இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்கனு சொல்லிட்டு அப்புறம் நேரா பெட்டியத்தான் காட்டுறாங்க.

நோர்வூட்_அம்மா
மிஸ் நீங்க சொன்னது அப்பிடியே நடந்ததுதான். அவளுக்கு சோதினை இருந்துச்சு, அதனால அவ மாமா வீட்டுல விட்டுட்டு ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. அவளும் கேக்கல. மூணாவது புக்ல அந்த சந்தோஷத்தை உறிஞ்சுற பேய்ங்க வருதாமே, அதைப் பத்தி மட்டும் என்கிட்ட ஒரு நாள் கதைச்சா, அது கிட்ட வந்தா குளிருமாம், இனி சிரிக்கவே ஏலாத மாதிரி இருக்குமாம்னு. எனக்கு அப்ப விளங்கல.

அடுத்த மாசம் சம்பளத்துல நாலாவது வாங்குறேன். அதுக்கு முன்னாடி இந்த ஞாயிறு அவளை உக்கார வச்சு அப்பாயி பத்தி எல்லாம் சொல்லப் போறேன். நீங்க சொன்ன அத்தியாயம் நம்பரெல்லாம் காலண்டர் பின்னால எழுதி வச்சிட்டேன்.

கொட்டகலை_வாசகி
அக்கா வாங்க வேண்டாம், என்கிட்ட நாலாவது தமிழ்ல ஒண்ணு இருக்கு. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹட்டன் டவுனுக்கு வர்றேன், தனியா மெசேஜ் போடுங்க, எடுத்துட்டு வர்றேன்.

பசறை_பொடியன்
வாசகி அக்கா ஆறாவது இருக்கா?? நான் பஸ் ஏறி வரவும் ரெடி. எர்த்சீ யார்கிட்டயாவது இருந்தாலும் சொல்லுங்க, ஹப்புத்தள அண்ணன் அந்தப் பேரைச் சொல்லாம விட்டதால எனக்குப் படிப்பே ஓடல